மறு: விண்டோ ரெகுலேட்டருக்குத் தமிழ்ச்சொல்

> ரெகுலேட்டருக்கு 'ஒழுங்கி' ஏற்கெனவே இருக்கிறதே. 'சாளர ஒழுங்கி' போதாதா?

போதாது ஐயா. அது எதையும் ஒழுங்குபடுத்துவதில்லை. கார்க் கதவுக்குள் மோட்டாரின் சுழற்சியை வாங்கிக் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்துகிற பொறியமைப்பு, அவ்வளவுதான். சில கார்களில் கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் கைகள்; பலவற்றில் கப்பியில் ஓடும் கேபிள். 'ஒழுங்கி' என்று எழுதினால் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏதோ சுற்று என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நானே அப்படித் திண்டாடியவன். என் காரில் பின்கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் கதவுக்குள் 'ர்ர்ர்' என்று சத்தம் மட்டும். ஃபியூஸைப் பார்த்தேன், சுவிட்சை மாற்றினேன். மோட்டார் சத்தம் வருகிறதென்றால் மின்சாரம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மண்டையில் உறைக்கவேயில்லை. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால், கேபிள் புரி பிரிந்து கப்பியைச் சுற்றிக் குருவிக்கூடு மாதிரி கிடக்கிறது.

சத்தமே இல்லையென்றால் கதை வேறு. எல்லாக் கண்ணாடிகளும் ஒருசேர நின்றால் ஃபியூஸ் அல்லது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). ஓட்டுநர் பக்கம் மட்டும் ஓடி மற்றவை நின்றால், முதலில் ஓட்டுநர் கதவிலுள்ள, மற்றக் கண்ணாடிகளை ஓடவிடாமல் தடுக்கும் லாக் பொத்தானைப் பாருங்கள் (குழந்தைகளுக்காக அழுத்திவிட்டு மறந்திருப்போம்). ஒரு கண்ணாடி மட்டும், அதுவும் கதவு திறந்திருக்கும் கோணத்தைப் பொறுத்து ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால், கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஒயர் மடங்கி மடங்கி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

என் முன்மொழிவு 'ஏற்றிறக்கி'. கண்ணாடியை ஏற்று, இறக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஜன்னலை ஏற்று என்று யாரும் சொல்வதில்லை. அதே காரணத்தால் பவர் விண்டோவுக்கு 'மின்சாளரம்' எனக்கு ஒட்டவில்லை. விசைத்தறி, விசைப்படகு வழியில் 'விசைக்கண்ணாடி' எனலாமா?

———

> 'விசைக்கண்ணாடி' எனலாமா?

'ஏற்றிறக்கி' அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்றதில்தான் இடிக்கிறது. விசைப்பலகை வந்தபின் 'விசை' என்றால் பொத்தான் என்றும் ஆகிவிட்டது. 'விசைக்கண்ணாடியின் விசை பழுது' என்று எழுத நேரும். அதைவிட முக்கியம்: பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியும் இப்போது மோட்டாரில்தான் திரும்புகிறது. அதுவும் விசைக்கண்ணாடிதானே?

———

பக்கக் கண்ணாடியை மறந்தே போனேன்! சரி, 'கதவுக் கண்ணாடி ஏற்றிறக்கி' என்று கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். பவர் விண்டோ இப்போதைக்குப் பவர் விண்டோவாகவே இருக்கட்டும்.