ஜெபித்து எழும்பும்போது பாரம் கூடியிருக்கிறது. என்ன செய்யலாம்?

நீரோடை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேலை இழப்பு, நோய், கடன் என்று நெருக்கும் காலத்தில் முழங்கால் போட்டால், அரைமணி நேரம் கழித்து மனது முன்பைவிடக் கலங்கியிருக்கிறது. பிலிப்பியர் 4:6,7 சொல்லும் தேவசமாதானம் ஏன் வருவதில்லை? "விசுவாசம் போதாது" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேதபகுதி, எவ்வளவு நேரம், எந்த ஒழுங்கு என்று சொல்லுங்கள்.

சுரமண்டலம்:
பெரும்பாலும் கோளாறு விசுவாசத்தில் இல்லை சகோதரரே. பிரச்சினையையே சுற்றிச் சுற்றிச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழும்பிவிடுகிறோம்.

13-ம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறார் தாவீது. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கையும் துதியும். இதே வரிசையில் ஒரு நோட்டில் எழுதி ஜெபியுங்கள், பதினைந்து நிமிஷம் போதும். முறையீட்டுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். "எல்லாம் போச்சு" என்று எழுதாமல் பயத்துக்குப் பெயர் கொடுங்கள்: எந்தக் கடன், எந்தப் பரிசோதனை முடிவு. விண்ணப்பம் இன்றைய நாளுக்குரியதாக ஒன்றே ஒன்று (மத்தேயு 6:34). ஸ்தோத்திரமும் அப்படியே, நேற்று நடந்த ஒரு குறிப்பிட்ட நன்மைக்கு.

முறையீட்டைத் தாண்டி நேரே துதிக்குப் போகிறவர்கள் அநேகர். உள்ளே அடைத்து வைத்தது ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி வரும். முறையீட்டிலேயே தங்கிவிட்டாலோ, நீங்கள் சொன்ன அதே பாரம்தான்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன பிலிப்பியர் 4-ன் 7-ம் வசனம் கேட்டது கிடைக்கும் என்று சொல்லவில்லை. இருதயமும் சிந்தையும் காக்கப்படும் என்கிறது. எழுதின பவுலே அப்போது கட்டுகளில், அதாவது சிறையில், இருந்தார் (பிலிப்பியர் 1:13). எட்டாம் வசனத்தையும் விடாதீர்கள்: எவைகளைச் சிந்திக்க வேண்டும் என்று அங்கேதான் சொல்கிறார். ஆமென் சொன்ன கையோடு செய்தி பார்க்கப் போனால் ஜெபித்ததெல்லாம் கலைந்துபோகும்.

தணல்_அப்பம்:
செபத்துக்கு முன் உடலைப் பாருங்கள். 1 அரசர் (1 இராஜாக்கள்) 19-இல் இறைவாக்கினர் எலியா "போதும் ஆண்டவரே" என்று சாவைக் கேட்கிறார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. உணவு, தண்ணீர், தூக்கம், மறுபடியும் உணவு. அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைக்குப் பயணமும் மெல்லிய ஒலியும். தூக்கம் கெட்டவர் நள்ளிரவில் நீண்ட செபத்தில் இறங்கினால் கலக்கம் கூடவே செய்யும்.

இரவுக்குத் திருப்பாடல்கள் (சங்கீதங்கள்) 4, 91, 134 போதும். 6-ஆம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு ஒவ்வோர் இரவுக்கும் இந்த மூன்றைத்தான் வகுத்தார். தினமும் மாற்றாமல் சொன்னால் சில வாரங்களில் மனப்பாடமாகிவிடும். இருட்டில் விழிப்பு வரும்போது விளக்குப் போட வேண்டியதில்லை. திருப்பாடல் 23-இன் முதல் வரியை ("ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை") இரண்டாகப் பிரித்து, மூச்சை இழுக்கையில் பாதி, விடுகையில் பாதி என்று மனதுக்குள் சொல்வதும் உதவும்.

நீரோடை:
ஒரே வரியைத் திரும்பச் சொல்வது மத்தேயு 6:7 தடுக்கிற வீண்வார்த்தை ஆகாதா?

சுரமண்டலம்:
ஆகாது. அதிகப் பேச்சினால் கேட்கப்படும் என்று எண்ணுவதைத்தான் இயேசு தடுக்கிறார். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் அவரே மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). 136-ம் சங்கீதத்தில் 26 வசனமும் ஒரே வரியில்தான் முடிகிறது.

ஒலிவமரம்:
கெத்செமனேயில் இன்னொன்றும் உண்டு. மூன்று சீஷரைக் கூட்டிப்போய், தம் துக்கத்தை வாய்விட்டுச் சொல்லி, "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். நீங்களும் ஒருவரிடம் கேளுங்கள். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள். நாளும் நேரமும் குறித்து, பத்து நிமிஷம் போனிலாவது சேர்ந்து ஜெபியுங்கள். 88-ம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிற ஜெபமே. ஆகவே சமாதானத்தை உணராத நாளைப் பாவமாக எண்ண வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை நின்றுபோனால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயிற்று உபாதைக்கு என்ன அருந்த வேண்டும் என்று தீமோத்தேயுவுக்குப் பவுலே எழுதினார் (1 தீமோத்தேயு 5:23).