‘அறிதிறன் தொய்வு’ சரிவருமா? (பார்க்கின்சன் கையேடு, அவசரம்)

கையேட்டுக் குழு: பார்க்கின்சன் நோயாளிகளின் வீட்டாருக்கான எட்டுப் பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை ராயபுரம் அச்சகத்துக்குப் போகிறது. ‘மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்’ (கவனம், நினைவு, திட்டமிடல் போன்ற திறன்கள் லேசாகக் குறைவது) ஒன்றுக்குத்தான் சொல் அமையவில்லை. ‘அறிவுக் குறைபாடு’ என்றால் பிறவிக் குறை என்று படிப்பார்கள். ‘லேசான மறதி’ என்று போட்டுவிடலாமா?

மருத்துவர்: மறதி வேண்டவே வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் அடிபடுவது கவனம், திட்டமிடல், இடவுணர்வு. ஐந்து சொல்லைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் இரண்டுதான் வரும். ‘ஒன்று பூவின் பெயர்’ என்று எடுத்துக் கொடுத்தால் பலருக்கு வந்துவிடும். சரக்கு உள்ளேதான் இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். மறதி நோயான அல்சைமரில் எடுத்துக் கொடுத்தும் பெரும்பாலும் வராது. கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னால் பெரிய முள்ளை 2-க்குப் பதில் 10-இல் வைப்பவர்கள் உண்டு. 2012-இல் வந்த பன்னாட்டு வரையறைப்படி, சோதனையில் குறை தெரிந்தாலும் அன்றாடப் பாட்டைத் தாமே பார்த்துக்கொண்டால்தான் இந்தப் பெயர், முடியாமற்போனால் டிமென்ஷியா.

புலவர்: ‘அறிகைக் குறை’ என்க. வினையடியிலிருந்து நேரே பிறந்த தொழிற்பெயர். ஈழத்தில் உளவியலே ‘அறிகை’யில்தான் நடக்கிறது.

மெய்ப்புத் திருத்துநர்: இங்கே அச்சகத்தில் ‘அறிக்கை’ ஆக்கிவிடுவார்கள் ஐயா. ‘அறிதிறன்’ போதும். ‘தொய்வு’ சேர்த்தால்? அறுந்துபோகவில்லை, விறைப்புதான் குறைந்திருக்கிறது.

புலவர்: புறநானூறு 214-இல் ‘தொய்யா உலகம்’ என்பது வினை செய்யாத மேலுலகம். மலைபடுகடாத்தில் ‘தொய்யாது வித்திய’ என்றால் உழாமல் விதைத்த. ஆகத் தொய்தல் உழைப்பு! நீங்கள் தலைகீழாக்குகிறீர்கள்.

மெய்ப்புத் திருத்துநர்: வண்ணாரப்பேட்டையில் துணிக்கொடி தொய்ந்தால் யாரும் உழப் போவதில்லை ஐயா.

பயிற்றுநர் (தண்டையார்பேட்டை): வீட்டில் சொல்வது ‘மூளை மந்தமாயிடுச்சு’. அதையே போடுங்கள்.

புலவர்: மந்தம் வடசொல்.

மருத்துவர்: வடசொல் என்பதல்ல, மந்தம் என்றால் வயிறுதான், ஓமத்தண்ணி கொடுத்துவிடுவார்கள். இன்னொன்று, நினைப்பு மெதுவாவது தனி அறிகுறி. கேள்வி கேட்டுப் பத்து நொடி பொறுத்தால் சரியான விடையே வரும். அதற்குள் வீட்டார் பதில் சொல்லிவிடுகிறார்கள். அதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

பயிற்றுநர்: ‘சிந்தனைச் சுணக்கம்’. சம்பளம் சுணங்குவது எல்லாருக்கும் தெரியும்.

புலவர்: இது நன்று.

மருத்துவர்: ‘தொய்வு’க்குக் கீழே ஒரு வரி கட்டாயம்: நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரையே வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டலாம், தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கக் கேடு, எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் இறங்குவது, மனச்சோர்வு, இவையும் தொய்வைக் கூட்டும். இவற்றைக் கவனித்தால் சிலருக்குத் தேறும்.

மெய்ப்புத் திருத்துநர்: கையேட்டுத் தலைப்பில் பார்க்கின்சன் நோய்க்கு ‘நடுக்குவாதம்’ என்று இருக்கிறதே? நடுக்கமே இல்லாதவர்களும் உண்டல்லவா?

மருத்துவர்: உண்டு. 1817-இல் பார்க்கின்சனே ‘நடுங்கும் வாதம்’ என்றுதான் பெயர் வைத்தார்; புலனும் அறிவும் கெடாது என்றும் எழுதிவைத்தார். இரண்டாவதைத் திருத்தத்தான் இந்தக் கையேடு. முதலாவதை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

கையேட்டுக் குழு: தொய்வுக்கு நான்கு, மந்தத்துக்கு ஒன்று, குறைக்கு ஒன்று. ‘அறிதிறன் தொய்வு’, ‘சிந்தனைச் சுணக்கம்’ இரண்டும் அச்சுக்குப் போகின்றன.

புலவர்: என் மறுப்பைப் பதிவு செய்க. உழவு உழவுதான்.