பழைய ஹை-பிரஷர் கம்ப்ரசர்: கேஜ் முள் ஏறினால் மட்டும் போதாது

தீயணைப்பவர்களும் கடலில் இறங்குபவர்களும் முதுகில் மாட்டும் சிலிண்டருக்குச் சுவாசக் காற்று நிரப்பும் கம்ப்ரசரைப் பழையதாக வாங்கியவர்கள், பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பியவர்கள் எல்லாரும் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்குக் காரைக்குடியில் கம்ப்ரசர், மோட்டார் வேலை. புதுவயல் அரிசி ஆலைகளில் பார்க்கும் கம்ப்ரசர் எல்லாம் 10 பாருக்குள் முடிந்துவிடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இது வேறு ஜாதி.

கோட்டையூரில் தீயணைப்புச் சாதனம் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணன், ஏலத்தில் வந்த மூன்று கட்ட மிஷின் ஒன்றைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். விற்பவர் ஸ்விட்சைப் போட்டதும் முள் சடசடவென்று 200 பாருக்கு ஏறியது. "பாத்தியளா, புது மிஷின் தோத்துப்போகும்" என்றார். சிலிண்டர் மாட்டாமல் வாயை அடைத்து ஓட்டினால் தேய்ந்த மிஷின்கூட முள்ளை ஏற்றிவிடும். அதனால் காலி சிலிண்டரை மாட்டச் சொன்னேன். 10 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப 2,000 லிட்டர் காற்று வேண்டும். தகட்டில் நிமிடத்துக்கு 100 லிட்டர் என்று போட்டிருந்தது, அப்படியானால் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். அரை மணி தாண்டியும் முடியவில்லை.

காரணத்தை நடுவில் இருக்கும் கேஜ்களே சொல்லும். மூன்று கட்டம் என்றால் ஒவ்வொன்றிலும் அழுத்தம் ஏறக்குறைய 6 மடங்காகும்: முதலில் 6 பார், அடுத்து 35 வாக்கில், கடைசியில் 200. இதில் இரண்டாம் கட்டம் 35-ஐத் தாண்டி ஏறி நின்றது. அப்படி நின்றால் மூன்றாம் கட்டத்தின் வால்வு மூடாமல் காற்றைத் திருப்பி விடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வால்வு மாற்றுகிற செலவுதான், அதற்காக மிஷினைத் தள்ள வேண்டியதில்லை.

எனக்குப் பயம் கொடுத்தது ஃபில்டர். அழுத்தத்தை முழுக்க இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகு குழலின் மூடியைக் கழற்றினோம். உள்ளே காற்றைச் சுத்தப்படுத்தும் மணிகள் அடைத்த கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. வெள்ளையாக உதிர வேண்டிய மணிகள் பழுப்பேறிக் கட்டிதட்டிக் கிடந்தன. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய் மாதிரி ஒரு காறல் வாடை. அந்தக் காற்றைத்தான் இத்தனை நாள் யாரோ மூச்சாக இழுத்திருக்கிறார்கள், நினைக்கவே வயிற்றைப் பிசைகிறது.

கார்ட்ரிட்ஜுக்குள் மூன்று சங்கதி உண்டு. மாலிகுலர் சீவ் ஈரத்தை உறிஞ்சும், ஆக்டிவேட்டட் கார்பன் எண்ணெய் ஆவியையும் வாடையையும் பிடிக்கும், ஹாப்கலைட் என்ற பொருள் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். ஹாப்கலைட் நனைந்தால் அதன் வேலை அதோடு சரி. அதனால்தான் அதை ஈரம் உறிஞ்சும் அடுக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது என்பதால் மோந்து பார்த்துத் திருப்திப்படவும் முடியாது.

நம் ஊர் வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் ஃபில்டர் சீக்கிரம் போய்விடும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை தண்ணீரைச் சுமக்கும். மழை நாளில் இந்த அளவு மிஷின் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போகிறது. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வடிக்கும் வால்வைத் திறந்துவிடாவிட்டால் அது நேராக ஃபில்டருக்குத்தான் போகும். கார்ட்ரிட்ஜுக்கு இத்தனை மணி நேரம் என்று புத்தகத்தில் போட்டிருப்பது குளிர்ந்த இடத்துக் கணக்கு. ஷெட்டுக்குள் 40 டிகிரி அடித்தால் பாதியைக்கூட நம்பாதீர்கள்.

இன்னொன்று, ஃபில்டர் குழல். அலுமினியக் குழல் அழுத்தம் ஏறி இறங்க ஏறி இறங்கக் களைத்துப்போகும், அதனால் இத்தனை தடவைதான் என்று தயாரிப்பாளர் கணக்கு வைத்திருப்பார். ஓடின மணிக்கணக்கு எழுதிய நோட்டு இல்லையென்றால் குழல் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு அது பழைய இரும்புதான். வால்வு, புதுக் குழல் இரண்டின் விலையையும் கழித்துத்தான் அண்ணன் பேசி முடித்தார்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:
அண்ணே, இன்டேக், அதாவது மிஷின் காற்றை இழுக்கும் வாய், எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மிஷின் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. பக்கத்து வீட்டைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவார்கள், முகூர்த்த நாளில் விடியுமுன்பே கோட்டை அடுப்பில் விறகு எரியும். ஒரு நாள் நிரப்பிய காற்றை மீட்டரில் விட்டுப் பார்த்தால் கார்பன் மோனாக்சைடு 11 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 11 பங்கு). ஐரோப்பிய அளவுகோலான இஎன் 12021 அனுமதிப்பது 5 மட்டுமே. கரண்ட் போனால் ஜெனரேட்டரும் அந்த முற்றத்தில்தான் ஓடும், நாலு பக்கமும் சுவர் இருப்பதால் புகை போக வழியில்லை. இப்போது இன்டேக்கைத் தடித்த குழாய் போட்டு ஓட்டுக்கு மேலே தூக்கிவிட்டோம். மெல்லிய குழாயை நீளமாக இழுத்தால் மிஷின் மூச்சு முட்டும், அதையும் கவனியுங்கள். முகூர்த்த நாளில் நிரப்புவதே இல்லை.

தொண்டிப் பக்கம் கடலில் இறங்கும் ஒருவர்:
தேவகோட்டைக்காரர் சொன்ன 11-ஐ லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு, அந்த 11 அங்கே 33 இருக்கிற மாதிரி உடம்பைத் தாக்கும். தலைவலியோடு மேலே வந்து 'வெயில் ஒத்துக்கலை' என்று படுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி:
கிணற்றில் மோட்டார் கழற்ற இறங்குபவர்களுக்குப் பஞ்சர் கடை கம்ப்ரசரில் ஹோஸ் போட்டுக் காற்று கொடுக்கிறார்களே, அது பரவாயில்லையா அண்ணே?

காரைக்குடியிலிருந்து:
கூடவே கூடாது தம்பி. அதில் ஃபில்டரும் இல்லை, உள்ளே ஊற்றியிருப்பது மூச்சுக்கான எண்ணெயும் இல்லை. என்ஜின் ஆயில் சூட்டில் கருகினால் கார்பன் மோனாக்சைடை மிஷினே உண்டாக்கிவிடும். கரண்ட் போனால் உள்ளே இருப்பவருக்குக் காற்றே கிடையாது. முதுகில் சிலிண்டர், இடுப்பில் கயிறு, மேலே கயிறு பிடிக்க ஆள், இதில் ஒன்று குறைந்தாலும் இறங்கவிடாதீர்கள்.

அண்ணன் வாங்கிய மிஷின் எப்படி இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வால்வு, கார்ட்ரிட்ஜ், குழல் எல்லாம் மாற்றி ஓடுகிறது. தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயைத்தான் ஊற்றுகிறோம். ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். ஃபில்டருக்கு அடுத்துள்ள பிரஷர் மெயின்டெய்னிங் வால்வையும் (ஃபில்டருக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது) மறக்காதீர்கள்: காலி சிலிண்டரை மாட்டி ஓட்டும்போது ஃபில்டர் பக்கம் 150 பார் வாக்கில் ஏறின பிறகுதான் சிலிண்டர் பக்கம் முள் அசைய வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறினால் அந்த வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, தண்ணீர் சரியாகப் பிரியாது. நிறுத்தும்போது ஃபில்டருக்குள் கொஞ்சம் அழுத்தத்தை விட்டே அடைத்து வையுங்கள், வெளி ஈரம் உள்ளே நுழையாது.