மறு: பார்த்தீனியம் – காசு எதற்கு என்று கேட்டவர்களுக்கு

அன்பின் உறவுகளே,

ஊரில் பரவும் பார்த்தீனியம் என்ற களையைப் பிடுங்க எங்கட ஊர்ச் சங்கம் காசு தர வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குத்தான் இந்த மடல்.

"புல் பிடுங்கவும் சங்கமா காசு கொடுக்க வேண்டும்?" என்று கேட்ட ஆலடி மச்சானுக்கு முதலில் பதில். இது புல் இல்லை. பொங்கலுக்குப் போனபோது சின்னம்மாவின் வெங்காயத் தோட்டத்து வரம்பில் நின்றது. குருத்தாகத் தரையோடு கிடக்கும்போது கரட் என்றே நினைப்பீர்கள். ஒரு மாதத்தில் தண்டெழும்பி, சவ்வரிசி சிந்தியதுபோல் வெள்ளைப் பூ. ஒரு செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும்.

சின்னம்மா வெறுங்கையால்தான் பிடுங்குகிறா. முழங்கை வரை தோல் தடித்துச் செதிள் செதிளாக இருக்கிறது, இந்தச் செடியின் வேலை. "வெங்காயம் ஒத்துக்கொள்ளேல்லை" என்கிறா, 50 வருஷம் வெங்காயம் கிண்டின மனுசி!

"1987இல் இந்தியன் ஆமி இறைச்சிக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்த சாமான், எங்கட ஊரில் இல்லை" என்று எழுதிய ஐயாவுக்கு: ஆட்டுக் கதை நானும் கேட்டதுதான். ஆனால் இப்போது வருவது வெளியூரிலிருந்து லோட் லோட்டாக வந்து இறங்கும் மாட்டெருவோடு, உழவு மெசின் சில்லில் ஒட்டிய சேற்றோடு. எருக் கும்பி இருந்த இடமெல்லாம் அடர்த்தி. அதைவிட அடர்த்தி, 12 வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் உங்கள் வளவில். ஊர்ப் பெருமை பேசுமுன் படலைத் திறப்பையாவது யாரிடமாவது கொடுங்கள்.

லண்டன் கிளையின் உப்பு யோசனை. லீட்டருக்கு 200 கிராம் கரைத்து அடித்தால் செடி கருகும், உண்மை. ஒழுங்கைக் கரைக்குச் சரி. வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் உப்பை விட்டால் அப்புறம் அந்தச் செம்பாட்டு மண்ணில் எதை நடுவது? ஈர மண்ணில், பூக்கமுன், வேரோடு பிடுங்குவதுதான் வழி. பூத்துவிட்டால் உதறாமல் சாக்கில் கட்டி எரிக்க வேண்டும். எருக்கிடங்கில் போட்டால் திரும்பத் தோட்டத்துக்கே வரும். விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும் என்பதால், ஒருநாள் சிரமதானம் செய்து படம் போடுகிற வேலை இல்லை இது. மழை தொடங்கினால் 3 கிழமைக்கு ஒருக்கா, இரண்டு மூன்று மாரிக்காவது பிடுங்க வேண்டும்.

பொருளாளர் கணக்குக் கேட்கிறார். நியாயம். 6 பேருக்கு நாட்கூலி, கையுறை, முகமூடி, சாக்கு. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வரும். வாசிகசாலைக் கூரைக் கணக்கையும் அதே மடலில் இணைத்துவிடுங்கள், 2016இலிருந்து கேட்கிறேன். காசு யாருடைய பெயருக்குப் போகக்கூடாது என்று நான் எழுதத் தேவையில்லை.

சின்னம்மாவுக்குத் தடித்த கையுறை ஒரு சோடி கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நேற்று வீடியோவில் கதைத்தபோது அது அடுப்படி ஆணியில் தொங்கியது. சூட்டுச் சட்டி இறக்க நல்ல வசதியாம்.

மடத்தடி வீட்டு இளையவன்,
நோர்வே