சில்லு பலன்ஸ் செய்த பிறகும் ஹான்டில் உதறுகிறது, உதவி தேவை

வலிகாமம்_பொடியன்
வணக்கம் அண்ணைமார். நேற்று ரவுனில் ஒரு கடையில் கொம்பியூட்டர் மெசினில் போட்டு சில்லு பலன்ஸ் செய்தேன். சில்லின் விளிம்பில் சின்ன ஈயக் கட்டி ஒட்டிய பிறகு திரையில் இரண்டு பக்கமும் 00 வந்தது (பிழை இல்லை என்று அர்த்தமாம்), பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றைக்குக் காலையில் ஓடிப் பார்த்தால் முன்பு இருந்ததை விட மோசமாக உதறுகிறது. திரும்பக் கடைக்குப் போனால், மெசின் பிழை விடாது, ரோட்டுத்தான் சரியில்லை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் ஏற்றிக்கொண்டு மன்னார் போக வேண்டும். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டினால் நேர் வீதி, உருட்டிக்கொண்டே போக முடியாது. என்ன பிழையாக இருக்கும்? கெதியாகச் சொல்லுங்கள்.

கொடிகாமத்தான்
என்ன பைக் தம்பி? முன் சில்லா, பின் சில்லா? எந்த வேகத்தில் உதறுகிறது? ரயர் எத்தனை வருடம் ஓடியது? இது ஒன்றும் தெரியாமல் என்னத்தைச் சொல்ல.

நெல்லியடி_றைடர்
பலன்ஸை விடுங்கள், ஹான்டில் திரும்புகிற இடத்தில் இருக்கிற பெயரிங்தான். எனக்குத் தெரிந்து ஹான்டில் உதறுகிறது என்று வந்த பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கடைசியில் அதைத்தான் மாற்றினார்கள். நடு ஸ்ராண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சில்லை நிலத்தில் இருந்து தூக்குங்கள். முன் சில்லைத் தாங்குகிற ஃபோக்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக் டொக் என்று தட்டினால் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹான்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பெயரிங் பாதை தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

தீவகத்தான்
ரியூப்லெஸ் ரயரா? உள்ளே பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றியிருக்கிறதா? ஊற்றியிருந்தால் எந்த மெசினாலும் பலன்ஸ் பார்க்க முடியாது. நிற்கும்போது அடியில் தேங்கி, சுற்றும்போது வேறு இடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் மெசின் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். ஊர்காவற்றுறையில் இருந்து ஒவ்வொரு நாளும் ரவுனுக்கு வருகிற ஆள் நான், பண்ணைப் பாலத்து நேர் ரோட்டில் இந்த உதறல் எனக்கு நல்ல பழக்கம். திரவத்தைக் கழுவி எடுத்த பிறகுதான் நின்றது.

பழைய_சில்லு
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. நீர் என்ன வாகனம் என்றுகூடச் சொல்லவில்லை. இங்கே இருக்கிறவர்கள் சாத்திரக்காரர்கள் இல்லை. சரி, நான் சொல்வதைக் கேளும். ரயரில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். அது ரயரின் பாரம் குறைந்த இடம். அது வால்வுக்கு நேரே வர வேண்டும், ஏனென்றால் வால்வு இருக்கிற இடம் றிமில் பாரம் கூடிய இடம். இப்போதைய பொடியன்களுக்கு அந்தப் புள்ளி ஏன் இருக்கிறது என்றே தெரியாது. புள்ளியைப் பாராமல் மாட்டிவிட்டு மெசினில் சுற்றி என்ன பலன்? நாங்கள் யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா எம்டி90 பைக்குக்கு எந்த மெசினும் இல்லாமல் சில்லு கட்டினோம். ஒன்றும் உதறவில்லை.

கொடிகாமத்தான்
பழைய_சில்லு ஐயா, மஞ்சள் புள்ளி பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் புள்ளி செய்வது ஒட்ட வேண்டிய ஈயத்தைக் குறைப்பது மட்டும். புள்ளி மாறி இருந்தால் 15 கிராம் ஒட்டுகிற இடத்தில் 30 கிராம் ஒட்ட வேண்டி வரும், அவ்வளவுதான். மெசின் சரியாகப் பார்த்தால் அதையும் ஈடு செய்துவிடும். எல்லா ரயரிலும் அந்தப் புள்ளி வருவதும் இல்லை.

பழைய_சில்லு
அவ்வளவுதான் என்றால் உற்பத்தியாளர் ஏன் புள்ளி வைக்கிறார்? அடிப்படை தெரியாமல் மறுத்துப் பேச வேண்டாம். தேவையில்லாத பாரத்தை றிமில் ஏற்றுவது எந்த நாளும் நல்ல வேலை இல்லை.

நெல்லியடி_றைடர்
ஐயா, எம்டி90 ஓடிய வேகம் என்ன, இப்போது பொடியன்கள் ஓடுகிற வேகம் என்ன? அந்த நாளில் இருந்த ரோட்டில் 40க்கு மேல் யார் ஓடியது? பலன்ஸ் பிழை வேகத்தோடு சேர்ந்து வளர்கிற விசயம்.

சுன்னாகம்_கராஜ்
நெல்லியடித் தம்பி சொல்வது முக்கியமான புள்ளி, கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். 17 அங்குல றிமின் விளிம்பில் 20 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 35 கிலோமீற்றர் வேகத்தில் அது அரைக் கிலோவுக்கும் குறைந்த விசையாகத்தான் சில்லை இழுக்கும், கையில் தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 70இல் அதே 20 கிராம் கிட்டத்தட்ட 2 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்கும். அந்த வேகத்தில் சில்லு ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு இழுவை, கீழே ஒரு இழுவை. அதனால் எம்டி90இல் உதறாதது இப்போதைய பைக்குக்குச் சாட்சி ஆகாது.

இப்போது கேள்வி கேட்டவரிடம். நீங்கள் எழுதியதில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. "இரண்டு பக்கமும் 00" என்று சொல்கிறீர்கள். அப்படியென்றால் காருக்குப் பார்ப்பதுபோல் உள் பக்கம், வெளிப் பக்கம் என்று இரண்டு இடத்துக்குப் பார்த்திருக்கிறார்கள். பைக் முன் சில்லு ஒடுங்கியது. அதற்கு ஸ்ராட்டிக் முறையில், பக்கம் பிரிக்காமல், ஒரே ஒரு இலக்கம் பார்த்தால் போதும். சில்லை மெசினில் எப்படிக் கொழுவினார்கள்? பெயரிங்குக்குள்ளால் ஒல்லியான ஒரு அச்சு விட்டார்களா, அல்லது காருக்குப் போடுகிற பெரிய கூம்பு வடிவக் கோனை வைத்து இறுக்கினார்களா? இதற்கு மறுமொழி கட்டாயம் தேவை.

தீவகத்தான்
திரவம் ஊற்றியிருக்கிறதா என்று கேட்டேன். மறுமொழி இல்லை.

வலிகாமம்_பொடியன்
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். பைக் யமஹா எஃப்சட். முன் சில்லு மட்டும். 65க்கும் 75க்கும் இடையில்தான் உதறல், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பின் சில்லு வழியாக ஒன்றும் தெரியவில்லை. ரியூப்லெஸ், திரவம் ஊற்றவில்லை. முன் ரயர் நேற்றுத்தான் அதே கடையில் புதிதாகப் போட்டேன், 100/80-17. ஃபோக் ஆட்டிப் பார்த்தேன், தட்டவில்லை. கோன் பெரிதாகத்தான் இருந்தது, கார் சில்லுக்குப் போட்ட அதே கோன் என்று நினைக்கிறேன். ஒரே இடத்தில் வரிசையாக 45 கிராம் ஒட்டியிருக்கிறார்கள்.

கொடிகாமத்தான்
ரயர் புதிதாகப் போட்டதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. அப்போ இரண்டு விசயம் ஒரே நாளில் மாறியிருக்கிறது.

சுன்னாகம்_கராஜ்
சரி, இப்போது விளங்குகிறது. கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுமையாக வாசியுங்கள்.

கார் பலன்ஸ் மெசினின் அச்சு 36, 38, 40 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். கார் றிமின் நடுவில் பெரிய ஓட்டை இருப்பதால் கோன் அதற்குள் போய் இறுகி, சில்லைச் சரியாக நடுவில் பிடித்துக்கொள்ளும். பைக் சில்லுக்கு நடு என்பது பெயரிங்கின் உள் வளையம். அதன் ஓட்டை 12, 15, 17 மில்லிமீற்றர் என்று சின்னதாகத்தான் இருக்கும். கார் அச்சு அதற்குள் போகாது. பைக்குக்கென்று தனி அடப்டர் வேண்டும்: ஒல்லியான அச்சு, இரண்டு பக்கமும் சின்னக் கோன், சில்லை இழுத்துச் சுற்ற அலோய் றிமின் கையில் முட்டுகிற ஒரு கொழுவி. அது இல்லாத கடையில் பெரிய கோனை சில்லின் நடுப் பகுதியான ஹப்பின் வெளி வாயிலோ, பெயரிங்குக்கு மேலே இருக்கிற றப்பர் சீலிலோ வைத்து இறுக்கிவிடுவார்கள். றப்பர் ஒரு பக்கம் கூட அமுங்கும், ஒரு பக்கம் குறைய அமுங்கும். சில்லு நடுவில் இருந்து விலகி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது.

விலகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டிஸ்க்கும் ரயருமாக முன் சில்லு 8 கிலோ என்று வையுங்கள். அது அரை மில்லிமீற்றர் விலகி நின்றாலே, றிமின் விளிம்பில் 18 கிராமுக்கு மேல் பிழை இருக்கிறது என்று மெசின் காட்டும். மெசின் பொய் சொல்லவில்லை, அந்த விலகிய நடுவைச் சுற்றி அது உண்மைதான். அந்தப் பிழைக்கு ஈயம் ஒட்டி 00 ஆக்கிவிட்டு, சில்லைப் பைக்கில் அதன் சொந்த அச்சில் போட்டால், ஒட்டிய ஈயமே பிழையாகிறது. பலன்ஸ் செய்த பிறகு முன்பை விட மோசமாக உதற இது ஒரு பெரிய காரணம்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். 00 வந்த பிறகு கோனைத் தளர்த்தச் சொல்லுங்கள். அச்சு அப்படியே நிற்க, சில்லை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி, திரும்ப இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். மறுபடியும் 00 அல்லது 5 கிராம் வந்தால் பிடிப்பு சரி. 30, 40 என்று வந்தால் நடு பிழை. அப்படி வருகிற இலக்கத்தின் பாதிதான் சில்லில் உண்மையாக இருக்கிற பிழை, மற்றப் பாதி பிடித்த விதத்தால் வருவது. இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று. ரயர் புதிது என்பதால், மெசினுக்குப் போக முதல் ரயர் றிமில் ஒழுங்காக இருந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரயரின் பக்கச் சுவரில், றிமுக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி வர ஓடும். றிமுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி முழுச் சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு றிமுக்குள் ஒளிந்திருந்தால் அந்த இடத்தில் ரயர் மேலே ஏறவில்லை, சில்லு வட்டமாக இல்லை என்று அர்த்தம். வட்டமில்லாத சில்லுக்கு எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் உதறல் போகாது.

நெல்லியடி_றைடர்
வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: முன் சில்லைத் தூக்கிவிட்டு, ஃபோக்கில் வெண்கட்டி ஒன்றை ஊன்றி, ரயரின் நடுவில் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெள்ளை பட்டால் அங்கே மேடு.

பழைய_சில்லு
இதைத்தான் நானும் சொன்னேன், மெசினை நம்ப வேண்டாம் என்று. சில்லைக் கழற்றி, அதன் அச்சையே உள்ளே விட்டு, இரண்டு கட்டையின் மேல் மட்டமாக வைத்துச் சுழற்றி விட்டால் பாரமான இடம் தானே கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ஈயம் ஒட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை பார்க்கலாம். கரண்ட் தேவையில்லை, கொம்பியூட்டர் தேவையில்லை.

சுன்னாகம்_கராஜ்
ஒடுங்கிய முன் சில்லுக்கு ஐயா சொல்கிற முறை நல்ல முறைதான், நானும் செய்வேன். ஒரு விசயம் கவனிக்க வேண்டும். புதுப் பெயரிங்கின் கிறீஸும் சீலும் சில்லை இறுக்கிப் பிடிக்கும். 10 கிராம் பிழைக்கெல்லாம் சில்லு அசையாமல் நின்றுவிடும், நாங்கள் பலன்ஸ் ஆகிவிட்டது என்று நினைப்போம். கட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் எண்ணெய் இல்லாத தளர்வான பெயரிங்குகளின் மேல் அச்சை உருள விட்டால் 5 கிராமும் தெரியும். மெசின் கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுவைச் சரியாகப் பிடிக்கிற அடப்டர் இருந்தால் மெசின்தான் கெதியான வேலை, பின் சில்லு அகலமான பைக்குகளுக்கு அதுதான் நல்லது.

தீவகத்தான்
ஈயம் ஒட்டுகிற இடத்தைத் துடைக்காமல் ஒட்டுகிறார்கள், அதையும் எழுதுங்கள். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் அலோய் பூத்துப்போய் இருக்கும். அதன் மேல் ஒட்டினால் மழைக்கு விழுந்துவிடும். சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும்.

பழைய_சில்லு
எந்த உப்புக் காற்றிலும் ஒழுங்கான ஈயம் விழாது. மலிவான பசைதான் விழும்.

தீவகத்தான்
ஐயா ஒரு முறை காரைநகர் வந்து பாருங்கள், பிறகு கதைப்போம்.

கொடிகாமத்தான்
பொடியன் ஞாயிறு மன்னார் போக வேண்டும், அதை மறக்க வேண்டாம். தம்பி, போகிறதுக்கு முதல் சரிவராவிட்டால் மனைவியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் ஆள் இருக்கும்போது முன் சில்லில் பாரம் குறையும், ஹான்டில் இன்னும் இலகுவாக ஆடும்.

வலிகாமம்_பொடியன்
கோடு பார்த்தேன். வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு றிமுக்குள் மறைந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் ஒரே அளவு. வெண்கட்டி வால்வுக்கு எதிர்ப் பக்கத்தில் மட்டும்தான் படுகிறது. இனி என்ன செய்ய?

சுன்னாகம்_கராஜ்
காற்றை முழுக்க இறக்குங்கள். சவர்க்காரத் தண்ணீரை ரயருக்கும் றிமுக்கும் இடையில் இரண்டு பக்கமும் சுற்றி வரப் பூசுங்கள். மறைந்த இடத்தைக் கையால் அமுக்கி விட்டுவிட்டு காற்று ஏற்றுங்கள், டப் என்று ஏறுகிற சத்தம் கேட்கும். ரயர் சுவரில் எழுதியிருக்கிற உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம், முகத்தையும் கையையும் சில்லுக்குக் கிட்ட வைக்க வேண்டாம். ஏறாவிட்டால் திரும்ப இறக்கி, திரும்பப் பூசுங்கள். கோடு சரியான பிறகு ஓடுகிற அளவுக்குக் காற்றைக் குறையுங்கள். ஒட்டிய 45 கிராமையும் உரித்துவிட்டு, பைக் அடப்டர் உள்ள கடையில் முதலில் இருந்து பாருங்கள். பழைய ஈயம் இருக்க அதன் மேல் பார்க்க விட வேண்டாம்.

வலிகாமம்_பொடியன்
சரி வந்துவிட்டது. இரண்டாம் முறை காற்று ஏற்றும்போது கோடு வெளியே வந்தது. வேறு கடையில் ஒல்லி அச்சில் போட்டுப் பார்த்தார்கள், 15 கிராம்தான் தேவைப்பட்டது, ஒட்டியது வால்வுக்கு எதிர்ப் பக்கம். அரைச் சுற்றுத் திருப்பியும் பார்க்கச் சொன்னேன், 5 காட்டியது. கொடிகாமம் வரை ஓடினேன், 80 வரை ஹான்டில் ஆடவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பழைய_சில்லு
வால்வுக்கு எதிர்ப் பக்கம் என்றால் அங்கே மஞ்சள் புள்ளி இருந்ததா என்று பார்த்தீரா?

இணுவில்_புதியவன்
நல்ல இழை. என்னுடையது கம்பிச் சில்லு, ரியூப் போட்டது. அதையும் இந்த மெசினில் பார்க்கலாமா?

சுன்னாகம்_கராஜ்
பார்க்கலாம். ஆனால் முதலில் கம்பிகளை இறுக்கி நெளிவு எடுத்து, றிம் வட்டமாகவும் நேராகவும் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகுதான் பலன்ஸ். ஒட்டுகிற ஈயம் கம்பிச் சில்லில் வசதியாக நிற்காது, கம்பி றிமில் சேருகிற நிப்பிளில் கொழுவுகிற ஈயம் கேட்டு வாங்குங்கள். என்ன பைக்?