செக்கு எண்ணெய் லேபிள்: கறுப்பு, தங்கம் போட்டால் மளிகைக் கடையில் எடுபடுமா?

கொங்குச்செக்கு (கேள்வி)

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒரு லிட்டர், அரை லிட்டர் பெட் பாட்டிலில் மளிகைக் கடைகளுக்குப் போடுகிறோம். இப்போது இருப்பது மஞ்சள் தாள் லேபிள். மூன்றுக்கும் ஒரே அமைப்பு, எண்ணெயின் பெயர் மட்டும் மாறும். டிசைனர் கொடுத்திருக்கும் புது மாதிரி முழுக் கறுப்பு, நடுவில் சின்னதாகத் தங்க நிற எழுத்து, அடியில் மாடு பூட்டிய செக்குப் படம். விலையை ஏற்றப் போவதில்லை.

பழைய வாடிக்கையாளர்கள் குழம்புவார்களா? மூன்றுக்கும் ஒரே நிறம் போடலாமா? அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்?

அலமாரிப்பார்வை

விலை ஏறவில்லை என்றால் கறுப்பும் தங்கமும் வேண்டாம். அந்தச் சேர்க்கையைப் பார்த்ததுமே "இது கூடுதல் விலை" என்று கண் முடிவு கட்டிவிடும். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே கை பக்கத்துப் பாட்டிலுக்குப் போய்விடும். வழக்கமாக வாங்குபவரோ விலையை ஏற்றிவிட்டார்கள் அல்லது கைமாறிவிட்டது என்று நினைப்பார்.

பழகிய அடையாளத்தைத் திடீரென்று எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு நல்ல பாடம். 2009 ஜனவரியில், ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழப் படத்தை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளர் சாற்றைப் போட்டார்கள், பெயரையும் செங்குத்தாகத் திருப்பினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது, பழைய அட்டையே திரும்பி வந்தது. உள்ளே இருந்த சாறு மாறவே இல்லை. அவசரமாகக் கடைக்குள் நுழைந்தவர்களின் கண்ணுக்குத் தங்கள் பெட்டி அகப்படவில்லை, அவ்வளவுதான்.

2011 இறுதியில் கோகோ கோலா, பனிக்கரடிகளைக் காக்கும் பிரச்சாரத்துக்காக வெள்ளை கேன் விட்டபோது நடந்தது இன்னும் ஆழமான விஷயம். டயட் கோக்கின் வெள்ளி நிற கேன் என்று எண்ணிச் சிலர் குழம்பினார்கள். வேறு சிலர் சுவையே மாறிவிட்டது என்று புகார் சொன்னார்கள். சில வாரங்களிலேயே சிவப்பு திரும்பியது. நிறம் நாக்கு வரைக்கும் போகிறது. எண்ணெய் வாங்குபவர் கடையில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க முடியாது என்பதால், லேபிள்தான் அவருக்கு வாசனையும் ருசியும்.

உங்கள் பழைய லேபிளில் மக்கள் எதைப் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கடைக்காரரையே கேட்கலாம், "எங்க எண்ணெய எப்படிச் சொல்லிக் கேக்குறாங்க?" என்று. "அந்த மஞ்சள் சீட்டு எண்ணெய்" என்று பதில் வந்தால் மஞ்சளை விடக்கூடாது. மேல் பாதியில் மஞ்சளையும் பிராண்ட் பெயரின் எழுத்து வடிவத்தையும் அப்படியே வையுங்கள். கீழ்ப் பாதியிலும் மூடியிலும் ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு நிறம் கொடுங்கள். மூன்றும் ஒரே தோற்றத்தில் இருந்தால் கடைப் பையன் மாற்றி எடுத்துக் கொடுப்பான், வீட்டுக்குப் போன பாட்டில் திரும்பி வரும்.

சிவகாசிமை

தாள் லேபிளை விடுங்கள். ஊற்றும்போது வழியும் எண்ணெய் தாளில் ஊறி, கண்ணாடி போன்ற திட்டுகள் விழும். நேற்று வந்த சரக்கும் பழைய சரக்கு மாதிரி தெரியும். எண்ணெய் ஊறாத பிபி ஃபிலிம் (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ஸ்டிக்கர் போடுங்கள்.

ஒளிபுகும் ஸ்டிக்கர் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நிறங்களுக்கு அடியில் வெள்ளை மை ஒரு அடுக்கு கட்டாயம். அது இல்லாவிட்டால் பொன்னிறக் கடலை எண்ணெய்மேல் மஞ்சள் எழுத்து காணாமல் போகும், நீலம் அழுக்குப் பச்சையாகத் தெரியும். எண்ணெய் குறையக் குறையப் பின்னணியும் மாறிக்கொண்டே வரும்.

லேபிள் உயரம் பாட்டிலின் நேரான பகுதியைவிட மேலும் கீழும் 2 மி.மீ. குறைவாக இருக்கட்டும். தோள்பட்டை வளைவில் ஏறினால் சுருக்கம் விழும். நிரப்பும் முன் ஒட்டிவிடுவது நல்லது. நிரப்பிய பிறகு ஒட்டினால் பாட்டிலில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது, ஒரு வாரத்தில் ஓரம் தூக்கும்.

இனி எழுத்து. ஒரு லிட்டர் பாட்டிலின் விட்டம் 8 செ.மீ. என்றால் சுற்றளவு 25 செ.மீ. நேரே நின்று சிரமமில்லாமல் படிக்க முடிவது அதில் மூன்றில் ஒரு பங்குதான், ஏறக்குறைய 8 செ.மீ. 'நல்லெண்ணெய்' என்பதை எழுதிப் பாருங்கள். இரண்டு கொம்பு, இரண்டு ணகரம், மூன்று புள்ளி. கொம்பும் ணகரமும் அகலத்தைத் தின்றுவிடும். ஆங்கிலப் பெயருக்கு வைத்த இடத்தில் அதைத் திணித்தால் எழுத்து சிறுத்துப் போகும். தமிழ்ப் பெயரை முதலில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தை மற்றவற்றுக்குப் பிரியுங்கள்.

கறுப்பில் வெள்ளையாகத் திறக்கும் சிறிய எழுத்தில் ணகரத்தின் சுழி மையால் அடைந்துவிடும், புள்ளி மறைந்துவிடும். 'எண்ணெய்' என்பதில் புள்ளி போனால் படிப்பவர் தடுமாறுவார். 7 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய எழுத்துருவும் வேண்டாம், வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். வெள்ளைப் பின்னணியில் வரும் சிறிய எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பானால், ஒரு மை இன்னொன்றின்மேல் பொருந்தாமல் மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் கட்டும். திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். அதே ஃபிலிமில் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, எண்ணெய் நிரப்பிய பாட்டிலில் ஒட்டி, கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள்.

கொங்குச்செக்கு

நன்றி அண்ணா. தேங்காய் எண்ணெய்க்கு நீலம் போடலாமா? எது விற்கிறது என்று ஒரு மாதத்தில் எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் இரண்டு படத்தையும் அனுப்பி எது அழகு என்று கேட்டால் போதுமா?

அலமாரிப்பார்வை

போதாது. "எது அழகு?" என்பதற்கு வரும் பதிலுக்கும் கடையில் கை எங்கே போகிறது என்பதற்கும் சம்பந்தம் குறைவு. வேறு கேள்வி கேளுங்கள். படத்தைக் காட்டி "இது என்ன விலை இருக்கும்?" என்று கேளுங்கள். பலரும் உங்கள் விலையைவிட ரொம்ப அதிகமாகச் சொன்னால் அந்த லேபிள் ஆளை விரட்டுகிறது. போட்டிப் பாட்டில்களோடு அடுக்கிய அலமாரியைப் படம் எடுத்து, "இதில் நல்லெண்ணெய் எங்கே?" என்று கேட்டு நொடியை எண்ணுங்கள்.

விற்பனைக்கு, ஏறக்குறைய ஒரே அளவு வியாபாரம் உள்ள ஆறு கடைகளை எடுங்கள். மூன்றில் பழையது, மூன்றில் புதியது, இரண்டு வாரம். பிறகு மாற்றிப் போட்டு இரண்டு வாரம். அதே தட்டு, அதே உயரம், அதே எண்ணிக்கை. போன மாதத்தை இந்த மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். முதல் வாரச் சம்பளச் சாமானும் தீபாவளிப் பலகாரமும் கணக்கைக் கெடுத்துவிடும். புது லேபிள் முதல் வாரத்தில் மட்டும் ஏறிப் பிறகு இறங்கினால் அது வெறும் வேடிக்கை பார்த்த விற்பனை.

நீலம் வேண்டாம். பாராசூட்டின் நீலப் பாட்டிலை இத்தனை வருடம் பார்த்த கண் அதைத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயாகத்தான் எடுக்கும். சமையலுக்கு என்றால் இளநீர்ப் பச்சையும் வெள்ளையும், கூடவே உடைத்த தேங்காய் மூடி.

லேபிள்சட்டம்

மாட்டுச் செக்குப் படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்கள் செக்கு மோட்டாரில் ஓடுகிறது என்றால் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். வாங்குபவர் அதை நம்பித்தான் காசு கொடுக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளைத் தவறாகக் காட்டுவதும் தவறான விளம்பரத்துக்குள் வரும். வாகை மரச் செக்கு என்றால் அந்த மரத்தையும் உலக்கையையும் அப்படியே படமெடுத்துப் போடுங்கள், அதற்கே மதிப்பு உண்டு.

சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியை டிசைனர் அழகுக்காகச் சுருக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். முகப்புப் பரப்பு 100 முதல் 500 ச.செ.மீ.க்குள் என்றால் வட்டம் குறைந்தது 4 மி.மீ. விட்டம், சுற்றியுள்ள சதுரத்தின் பக்கம் அதைப்போல் இரண்டு மடங்கு. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண்ணையும் தங்க மையில் போடாதீர்கள், விளக்கு வெளிச்சத்தில் மின்னி மறையும். பார்கோடும் அப்படித்தான். சிவப்புக் கோடாகவோ தங்கக் கோடாகவோ அடித்தால் ஸ்கேனர் படிக்காது. வெள்ளையில் கறுப்பு, இரு பக்கமும் வெற்றிடம். பாட்டிலில் கோடுகள் ஏணிப் படி போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி திருப்பி வையுங்கள், வளைவில் வெட்டுப்படாது.