கிறேப் பேப்பரில் செவ்வரத்தைச் சட்டி: செய்யிற ஆக்கள் சொல்லுறது

கிளிநொச்சி

கிறேப் எண்ட சுருக்கத் தாளில் பூச் செய்யப் புதுசாகத் தொடங்கிற ஆக்களுக்குச் செவ்வரத்தையைத்தான் சொல்லுவன். இதழ் 5தான், ஒவ்வொன்றும் பெரிசு. முற்றத்தில் ஒரு பூவைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வெட்டலாம். றோசாவுக்கு இருபது முப்பது இதழ் வேணும். பிழைத்தால் எந்த இதழில் பிழைத்தது என்று கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

கத்தரிக்கோலை எடுக்க முன்னம் தாளின்ர சுருக்கக் கோடு எந்தப் பக்கம் ஓடுது என்று பாருங்கோ. கிறேப் அந்தக் கோட்டுக்குக் குறுக்காலதான் இழுபடும். நெடுக்கால இழுத்தால் கிழியும். ஆனபடியால் இதழின்ர அடியிலிருந்து நுனிக்குக் கோடு நேராக ஓட வேணும். மாறி வெட்டின இதழில் குழியும் விழாது, விளிம்பும் நெளியாது.

இதழ் 3 அங்குல நீளம், மேல் அகலம் 2½, அடி ½ அங்குலம். கடையில் கிடைக்கிற மெல்லிய தாள் என்றால் இரண்டு தாளைக் குச்சிப் பசையால் ஒட்டி வெட்டுங்கோ; ஒற்றைத் தாள் ஒரு கிழமையில் தொங்கிப்போகும். நடுவில் இரண்டு பெருவிரலையும் வைத்து மெதுவாக வெளிப்பக்கம் தள்ளினால் குழிவு வரும். பிறகு மேல் விளிம்பை அரை அங்குலத்துக்கு ஒருக்கால் பிடித்து, ஒன்றை முன்னுக்கும் அடுத்ததைப் பின்னுக்கும் இழுத்துவிடுங்கோ. அடிப்பக்கத்து மூன்றிலொரு பங்கைத் தொடவே கூடாது. ஒருக்கால் விரிந்த கிறேப் திரும்பச் சுருங்காது.

நடுத்தண்டுதான் இந்தப் பூவின்ர உயிர். கம்பியில் சிவப்புத் தாளை 3 அங்குலத்துக்கு இறுக்கிச் சுற்றுங்கோ. மஞ்சள் தாளில் அரை அங்குல அகலப் பட்டி வெட்டி, ஒரு பக்கத்தை மயிர்போலக் கீறி, தண்டின்ர மேல் பாதியில் மட்டும் சரிவாகச் சுற்ற வேணும். நுனியில் 5 சிவப்பு நூல், ஒவ்வொன்றின்ர முனையிலும் ஒரு சின்ன முடிச்சு. மகரந்தத்துக்கு ரவை தொடுகிற பழக்கம் இருக்கு. அதுக்கு எறும்பும் வண்டும் வரும். அரித்த மரத்தூளில் மஞ்சள் பெயின்ற் பிசைந்து காயவைத்துத் தொடுங்கோ.

இதழ்களை ஒன்றின்ர ஓரம் மற்றதுக்கு மேல ஏறுகிறமாதிரி, எல்லாம் ஒரே சுற்றில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தையல் நூலால் இரண்டு சுற்றுக் கட்டுங்கோ. பசையை நம்பினால் கழரும். கீழ 5 பல்லுள்ள பச்சைக் கிண்ணம், அதுக்கும் கீழ 6, 7 மெல்லிய பச்சைக் கீற்று. இந்தக் கீற்றுகளை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவினம். அது இல்லாத செவ்வரத்தை தூரத்திலேயே கடதாசி என்று தெரியும்.

வவுனியா

அக்கா பூவைச் சொல்லிப்போட்டா, நான் இலைக்கு வாறன். ஒரு துண்டில் இலை வெட்டினால் நரம்பு எல்லாம் நேராக ஓடும். தாளை மூலைச் சரிவாகப் பிடித்து, ஒன்றுக்கொன்று எதிராய்ச் சரிந்த இரண்டு பாதி வெட்டி, நடுவில் கம்பியை வைத்து ஒட்டுங்கோ. நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் கிளை நரம்பு தானாக விழும். ஓரத்தில் பல் வெட்டுகிறது கடைசி வேலை. கொப்பில் இலையைச் சோடி சோடியாகக் கட்டாதேங்கோ, செவ்வரத்தைக்கு மாறி மாறித்தான் வரும்.

தண்டு சுற்றுகிற பச்சை நாடா கடையில் இல்லாவிட்டால், பச்சைத் தாளைக் கோட்டுக்குக் குறுக்காக அரை அங்குலப் பட்டியாக வெட்டலாம். அப்பதான் பட்டி நீளவாக்கில் இழுபட்டு, கம்பியோடு ஒட்டிப் பிடிக்கும். பசையை ஒரு பொட்டுத்தான் தொட வேணும். கூடினால் தாள் நனைந்து சாயம் விரலுக்கு வரும், அந்த விரல் சிவப்பு இதழில் பட்டால் கறைதான்.

பூக்காம்புக்குப் பனை ஈர்க்குப் போதும். நடுக்கொப்புக்கு ஈர்க்கு வளையாது, கட்டுக்கம்பி இரண்டு மூன்றை முறுக்கி எடுங்கோ.

முல்லைத்தீவு

சட்டியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. பூ நல்லா வந்தும் சட்டியால கெட்டுப்போறதுதான் கூட.

குளத்துக் களியை அப்படியே நிரப்பினால் காயேக்க சுருங்கி வெடிக்கும், தண்டு ஆடத் தொடங்கும். ஒரு பங்கு களிக்கு இரண்டு பங்கு ஆற்றுமணல் சேருங்கோ. கடற்கரை மணல் வேண்டாம்: உப்பு ஈரத்தை இழுக்கும், கம்பி துருப்பிடிக்கும், துரு தாளுக்கு மேல மண்ணிறமாக ஊறும்.

பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ் என்றால் இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணி. தூளைத் தண்ணிக்குள்ள போட வேணும், தண்ணியைத் தூளுக்குள்ள விடக் கூடாது. இறுகேக்க அது கொஞ்சம் பருக்கும். மெல்லிய மண்சட்டி வெடிக்கலாம், உள்ளுக்கு மட்டையைச் சுற்றி வைத்திட்டு ஊத்துங்கோ.

இதைக் கட்டாயம் கவனியுங்கோ: வெறுங்கம்பியைத்தான் நட வேணும். தாள் சுற்றின தண்டை ஈரக் கலவையில் நட்டால், ஈரம் தாள் வழியே மேல ஏறி, அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குப் பச்சைச் சாயம் கழன்று வெளிறிப்போகும். கம்பிக்குத் தார் பெயின்ற் ஒருக்கால் பூசி, நட்டு, இரண்டு மூன்று நாள் நல்லாக் காயவிட்டு, பிறகுதான் தாள், இலை, பூ. 12 அங்குலச் செடிக்கு 5 அங்குலச் சட்டி அளவானது. மேல தும்புத்தூளைத் தூவிவிட்டால் கலவை மறையும். வெளியில் பனையோலைப் பெட்டி ஒன்றைப் போட்டுவிட்டால் இன்னும் வடிவு.

மன்னார், மடுப் பக்கம்

இலை மினுங்குறதுக்கு மெழுகில் தோய்க்கலாமோ என்று கனபேர் கேக்கினம். எங்கட தகரக் கூரைக்குக் கீழ சித்திரை வெயிலில் மெழுகு இளகும், பிறகு சோளகத்தில் வாற புழுதி முழுக்க அதில் ஒட்டும், துடைக்க ஏலாது. நிறமில்லாத வார்ணிஷ் ஸ்பிறேயை ஓரடி தள்ளிப் பிடித்து இரண்டு மெல்லிய பூச்சுக் குடுங்கோ. இலைக்கு மட்டும். இதழில் அடித்தால் கண்ணாடிமாதிரி ஆகிப் பூவின்ர மென்மை போயிடும்.

சிவப்பு வெயிலில் கெதியா வெளிறும், யன்னலுக்கு நேரே வைக்காதேங்கோ. ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள காற்று ஈரத்திலேயே குழிவு தளரும். அந்த மாதங்களில் பொலித்தீனால் மூடாமல் (உள்ளுக்கு வேர்க்கும்) பழைய சீலைத்துண்டால் மூடி, சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கோ. தளர்ந்த இதழைத் திரும்ப இழுத்தால் கிழியும். முதுகுப் பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டி நிமிர்த்தலாம்.

இதே முறையில் கார்த்திகைப்பூவும் வருமோ?

கிளிநொச்சி

வரும் தங்கச்சி, ஆனால் சட்டியில் படர ஒரு தடி நட வேணும். இதழ் 6, ஒடுங்கலாய், முழு ஓரமும் நெளிந்து, பின்பக்கம் மடிந்து மேல நோக்கும். தாள் மஞ்சளாக இருக்கட்டும். சிவப்புக் கிறேப் வெட்டுத்துண்டுகளைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் ஊறவிட்டால் சாயம் இறங்கும். அதை நுனியிலிருந்து பாதிக்குத் தூரிகையால் இழுங்கோ. அடுப்பு, விளக்குக்குக் கிட்ட வேண்டாம். தண்ணியில் ஊறவிட்டால் சுருக்கம் முழுக்கத் தட்டையாகிப்போம், ஸ்பிரிற் கெதியா ஆவியாகிறதால அவ்வளவு தளராது. காய்ந்த பிறகு நெளிவு எடுங்கோ, முன்னம் எடுத்தால் வீண். மகரந்தத் தண்டு 6, சுற்றிவர விரிய வேணும். சூல்தண்டு ஒன்று அடியிலேயே ஒரு பக்கம் சரிந்து நிற்கும். இலை நுனி ஒவ்வொன்றையும் ஊசியில் சுற்றிச் சுருள் எடுத்து, தடியில் கொழுவிவிடுங்கோ.